ஆன்சலின் மஞ்சள் பட்டை

மூடுபனி கரையைவிட்டு நகர மறுத்த ஒரு ஜூன் மாதக் காலையில், ரோண்டா பிங்கம் தன் படகை வெண்டெலின் மிதவைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். கொக்கிக் கழியால் மிதவையை இழுத்தாள். அதன் கம்பில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்து, மறுபடி தண்ணீரில் போட்டாள். அடுத்த மிதவைக்கும் போய் அதையே செய்தாள்.

படகின் பின்பக்கம் நின்று இரைப் பைகளில் உப்பு மீனை அடைத்துக்கொண்டிருந்த மகள் ஷெல்பி நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, வேணாம். இன்னும் கொஞ்ச நாள் பொறுப்போம்."

"எதுக்குப் பொறுக்கணும்? என் அண்ணன் தண்ணியில எவனோ பச்சையும் வெள்ளையும் அடிச்சு மிதக்க விட்டிருக்கான். பாத்துப் பாத்து என் வயிறு எரியுது."

"எவனோ இல்லம்மா, அத்தையோட வீட்டுக்காரர்."

"ரெண்டாவது வீட்டுக்காரர்னு சொல்லு. நீ மீனை அடை."

அமெரிக்காவின் மெய்ன் கரையில் ஸ்பூனர் துறை சின்னத் துறைதான். ஆனால் அங்கே கடலுக்கும் வேலி உண்டு. அந்த வேலி கண்ணுக்குத் தெரியாது, எந்த வரைபடத்திலும் கிடையாது. இந்தப் பாறையிலிருந்து அந்த மணல்திட்டு வரைக்கும் இன்னார் வீட்டுக்காரர்கள் சிங்கி இறால் கூண்டு போடலாம் என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவன் வந்து போட்டால் சண்டைக்குப் போக மாட்டார்கள். அடியில் கிடக்கிற கூண்டுக்கு அடையாளமாக மேலே மிதக்கிற அவன் மிதவையில் ஒரு முடிச்சு விழும். 'ஐயா, இடம் மாறி வந்திருக்கீங்க' என்று அதற்கு அர்த்தம். அதற்கும் அசையாதவனின் கயிற்றுக்குத்தான் கத்தி. கத்தி வரைக்கும் போகக்கூடாது என்பதற்காக வைத்திருக்கிற மரியாதையான ஏற்பாடு அந்த முடிச்சு. அரசாங்கத்துக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. அடுத்தவன் கயிற்றில் கை வைத்தால் குற்றம், லைசென்ஸ் போய்விடும். அதோடு முடிந்தது அதன் கதை.

ரோண்டாவின் அண்ணன் ஆன்சல் இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் கூண்டு இழுக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன். துறையில் ஆளுக்கொரு வண்ணம்; அவனுடைய மிதவை கறுப்பு, நடுவில் மஞ்சள் பட்டை. எவ்வளவு காற்றிலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஒருவன் செத்தால் அவன் வண்ணத்தை அந்த வீட்டில் யார் எடுத்துக் கடலில் போடுகிறார்களோ அவர்களுக்கு அந்தத் தண்ணீர். இது ஸ்பூனர் துறையின் வழக்கம். மகன், மருமகன் யார் வேண்டுமானாலும் போடலாம். விதவையைக் கட்டிக்கொண்டவன் போட்டாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆன்சலின் மனைவி மார்லீன் போன இலையுதிர் காலத்தில் மேற்கே ஒரு துறையைச் சேர்ந்த வெண்டெலைக் கட்டிக்கொண்டபோது ரோண்டாதான் முதல் ஆளாகப் போய்க் கைகுலுக்கினாள். வசந்தம் வந்தது, கூண்டுகள் இறங்கின. ஆன்சலின் தண்ணீரில் பச்சையும் வெள்ளையும் மிதந்தது. துறையே திரும்பிப் பார்த்தது. கூடப் படுக்கிறவளின் மனசிலிருந்து பழைய புருஷனைத் துடைக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். ரோண்டாவுக்கு அண்ணன் இரண்டாம் முறை செத்துப்போன மாதிரி இருந்தது.

முடிச்சு விழுந்த அதே வாரம் மீன்வளக் காவலர் படகுத்துறைக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். அவரும் நல்ல மனிதர்தான், ஆனால் கையில் சம்மன் இருந்தது. மூடுபனிக்குள்ளே ரோண்டாவின் படகு தன் மிதவைக்குப் பக்கத்தில் நின்றதைப் பார்த்ததாக வெண்டெல் புகார் கொடுத்திருந்தான். ஆகஸ்டில் விசாரணை. குற்றம் என்று தீர்ந்தால் வருஷக்கணக்கில் கடல் பக்கம் போக முடியாது.

ஐம்பத்து நான்கு வயதில் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத பெண் ரோண்டா. வெளியே திட்டினாள், உள்ளே பயந்தாள்.

சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவள் கணவன் எமரி வழக்கம்போல வெல்லப்பாகும் பன்றிக் கொழுப்பும் போட்டு அவரைப்பயறை நாள் முழுக்க அடுப்பில் வேகவைத்திருந்தான். முதுகு போனபிறகு அவன் கடலுக்குப் போவதில்லை. கூண்டுக்கு வலை பின்னுவான், சமைப்பான், பேச்சில் யாரையும் விடமாட்டான். பக்கத்து ஊர் வக்கீல் சொல்லி அனுப்பியதை ரோண்டா தட்டைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தாள்.

"அன்னிக்கு மூடுபனி. படகு நின்னதைத்தான் பாத்திருக்கான், கை வச்சதைப் பாக்கல. நான் வாயைத் திறக்காம இருந்தா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாதாம். ஷெல்பி, நீயும் ஒண்ணும் பாக்கல. இரை அடைச்சிட்டிருந்த."

"அடைச்சிட்டேதான் பாத்தேன்."

"இவளைப் பாருய்யா! நாலு வருஷம் படிக்க வச்சதுக்குப் பெத்தவ மேலேயே சாட்சி சொல்லப் போறா."

"என்ன படிச்சா? சமூகவியல்," என்றான் எமரி, பயற்றை அள்ளிப் போட்டுக்கொண்டே. "மனுஷன் மனுஷனோட சண்டை போடுவான்னு கண்டுபிடிக்க நாலு வருஷம். நம்ம படகுத்துறையில ஒரு மத்தியானம் நின்னிருந்தா இலவசமாத் தெரிஞ்சிருக்கும்."

ஷெல்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படிப்பைப் பற்றி அவளுக்கே ஒரு கவலை இருந்தது. பாஸ்டனில் ஒரு சட்டக் கல்லூரி அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்தது. முந்தின வாரம் அங்கிருந்து ஒரு அம்மாள் போனில் பேசினாள். 'சமூகவியல் படித்தது சட்டம் படிக்க உனக்கு எப்படி உதவும்?' என்பதுதான் கேள்வி. ஷெல்பி அமைப்பு, கட்டமைப்பு, அதிகாரம் என்று ஏதேதோ உளறினாள். கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கிய ரோண்டாவுக்கே அது உளறல் என்று தெரிந்தது. மறுபடி கூப்பிடுகிறோம் என்று சொல்லி அந்த அம்மாள் வைத்துவிட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கிறேன்," என்றாள் ஷெல்பி. "நம்ம துறையில முடிச்சு போட்டவங்க யாராவது நான் போடலன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?"

"சொல்ல மாட்டாங்க. கேட்டா, ஆமா, நான்தான், கூண்டை எடுன்னுவாங்க."

"அதனாலதானே அதுக்கு ஒரு மதிப்பு? நீ இப்ப நான் இல்லன்னு சொன்னா அது முடிச்சு இல்ல, திருட்டுத்தனம். லைசென்ஸ் நிக்கும். ஆனா நாளைக்கு நீ முடிச்சு போட்டா எவன் மதிப்பான்?"

ரோண்டா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள்.

அடுத்த நாள் மாலை ஷெல்பி சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற சாலையில் ஏறி மார்லீன் வீட்டுக்குப் போனாள். துறையில் எல்லா ஜன்னலுக்கும் கண் உண்டு. அவள் திரும்பி வருவதற்குள் செய்தி ரோண்டாவுக்கு வந்துவிட்டது. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் வெண்டெலோடு அவன் கொட்டகைக்குள் போய் வெகுநேரம் இருந்தாளாம்.

"அந்த வீட்டுல காப்பி நல்லாருக்கா?" என்று கேட்டாள் ரோண்டா, படகில் வைத்து.

"நல்லாருக்கு. வெண்டெலே போட்டுக் கொடுத்தார்."

"வெண்டெலே போட்டுக் கொடுத்தாராமே! என்னடி பேசினீங்க?"

"நான் பேசல. கேட்டேன்."

"சரி, அவன் என்ன சொன்னான்?"

இழுவைப் பொறி கிறீச்சிட்டுக் கூண்டை மேலே கொண்டுவந்தது. ஷெல்பி கதவைத் திறந்து, சின்ன இறால்களை அளவுகோல் வைத்துப் பார்த்துக் கடலிலேயே வீசினாள். முட்டையோடு இருந்த ஒன்றை, இனி யாரும் பிடிக்காதபடி வாலில் குறிவெட்டிப் பத்திரமாக இறக்கிவிட்டாள். எல்லாம் முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அதைச் சொல்ல முடியாதும்மா. அவர் மேஜையில சொன்னதை உன் மேஜைக்குக் கொண்டுவர மாட்டேன்னு சொல்லித்தான் கேட்டேன். உன் பேச்சையும் அங்க கொண்டுபோகல."

"நான் உன்னைப் பெத்தவடி!"

"அதுக்குத்தான் இன்னும் கஷ்டமா இருக்கு."

"யாருகிட்ட கத்துக்கிட்ட இதை?"

"காலேஜ்ல. முதல் வருஷமே. ஒருத்தர் வீட்டுக்குள்ள விட்டா, அங்க கேட்டது அவங்க சொத்து. அவங்க கொடுத்தாத்தான் எடுக்கணும்."

ரோண்டாவுக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த கூண்டைத் தானே தூக்கிக் கடலில் எறிந்தாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு ரகசியம் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் எதிரி வீட்டு ரகசியம். ஸ்பூனர் துறையில் பேச்சு என்பது காலையில் ஒரு முனையில் கிளம்பி மத்தியானத்துக்குள் மறுமுனையைத் தொட்டுத் திரும்புகிற சாமான். அதை ஒருத்தி வாங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறாள் என்றால் அது என்ன பிறவி? ஜூலை முழுக்க இருவரும் அந்தப் படகில் அளந்து அளந்துதான் பேசிக்கொண்டார்கள். எமரி இரண்டு பக்கமும் தூது போய் அலுத்துப்போனான். காற்றுத் தெற்கே திரும்பி, இறால் கூட்டம் ஓடு மாற்றிக்கொண்டு கூண்டுகளில் நிறைய ஏறியது. அந்தச் சந்தோஷத்தைக்கூட வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் ஷெல்பி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நாளைக்கு அங்க நான் சில கேள்வி கேப்பேன். அதுவரைக்கும் என்னை நம்பு. நீ என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன்."

"வக்கீல் வாயை மூடிக்கோன்னு சொல்லியாச்சு."

"தெரியும்."

"நான் உண்மையச் சொல்லி லைசென்ஸ் போச்சுன்னா?"

ஷெல்பி அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன கை. "போகலாம். போகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்," என்றாள். பொய்க்காவது ஆறுதல் சொல்லக்கூடாதா என்று ரோண்டாவுக்கு அழுகை வந்தது.

விசாரணை மாவட்டத் தலைநகரில், நகரசபைக் கூடத்தில் நடந்தது. ஸ்பூனர் துறையே ரப்பர் பூட்ஸோடு வந்து பின்வரிசையை நிறைத்துவிட்டது. ஒரு பக்கம் ரோண்டா, எமரி, வக்கீல். மறுபக்கம் வெண்டெல், உயரமான, தோள் குனிந்த மனிதன், தொப்பியை முழங்காலில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். மார்லீன் அவன் பக்கத்தில் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். விசாரணை அதிகாரி கண்ணாடிச் சங்கிலி போட்ட, நரைத்த பெண்மணி. காவலர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். அதிகாரி ரோண்டாவைப் பார்த்தார்.

"அந்த முடிச்சுகளைப் பத்தி நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா? சொல்லணும்னு கட்டாயம் இல்லை."

வக்கீல் மேஜைக்கு அடியில் அவள் பூட்ஸைத் தன் காலால் தட்டினார். ரோண்டா திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் தலையாட்டவும் இல்லை, கண்காட்டவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் துறைக்காரர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இவர்கள் முன்னால் இல்லை என்று சொல்லிவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு படகை அவிழ்ப்பது?

எழுந்து நின்றாள். "முடிச்சு நான்தாங்க போட்டேன். வேற யாரும் இல்ல."

வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஷெல்பி எழுந்தாள்.

"மேடம், நான் அந்தப் படகில இருந்தவ. ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் கேள்வி கேக்க அனுமதி வேணும்."

"நீ வக்கீலா?" என்றார் அதிகாரி.

"இன்னும் இல்லைங்க. சமூகவியல் படிச்சிருக்கேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எமரி திரும்பி முறைத்தான். அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "சுருக்கமாக் கேளு," என்றார்.

"அம்மா தொட்டது தப்புதான். அதை நான் மறுக்கல," என்று ஆரம்பித்தாள் ஷெல்பி. "எதுக்காகத் தொட்டாங்கன்னுதான் கேக்கப் போறேன். அம்மா, நம்ம துறையில முடிச்சுன்னா என்ன அர்த்தம்?"

"இடம் மாறி வந்திருக்க, எடுத்துக்கோன்னு அர்த்தம். அடிக்கிறதுக்குப் பதிலா சொல்றது."

"வெண்டெல், உங்க துறையில?"

"எங்க ஊர்ல முடிச்செல்லாம் கிடையாது," என்றான் வெண்டெல். "குறை இருந்தா கதவைத் தட்டி மூஞ்சிக்கு நேரா சொல்லுவோம். பனிக்குள்ள ஒளிஞ்சு வந்து கயித்தத் தொடுறவன் அடுத்த தடவை அறுக்கத்தான் வருவான். அதான் பயந்துபோய்ப் புகார் கொடுத்தேன். யாரும் என் கதவைத் தட்டல. நான் வந்ததுலேர்ந்து ஒருத்தரும் தட்டல, இந்தப் பொண்ணைத் தவிர."

பின்வரிசையில் பூட்ஸ்கள் தரையில் உரசின. ஷெல்பி வெண்டெல் பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

"கடைசிக் கேள்வி. விருப்பமிருந்தா மட்டும் சொல்லுங்க. உங்க துறையில ஒருத்தர் செத்துப்போனா அவர் வண்ணத்தை என்ன செய்வீங்க?"

வெண்டெல் தொப்பியை உருட்டுவதை நிறுத்தினான். மார்லீன் பக்கம் திரும்பாமலேயே பேசினான்.

"மறுபடி கடல்ல போட மாட்டோம். அது அவனுது. இன்னொருத்தன் எடுத்துப் போட்டா செத்தவன் சட்டையை உருவிப் போட்டுக்கிட்ட மாதிரி. அவன் மிதவையில ஒண்ணைக் கழுவித் துடைச்சுக் கொட்டகை வாசலுக்கு மேல, உள்பக்கமா மாட்டுவோம். கடலுக்குப் போறப்ப தொட்டுட்டுப் போவோம்." தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்தான். "ஆன்சலுதும் என் கொட்டகையில அப்படித்தான் தொங்குது. மார்லீன் அங்க வர்றதில்ல. அவர் வீட்டுல தூங்குறேன், அவர் தண்ணியில பொழைக்கிறேன். வண்ணத்தையும் எடுத்துக்க எனக்கு மனசு வரல. இன்னிக்குக் காலையில கூட அதைத் தொட்டுட்டுத்தான் வந்தேன்."

மார்லீன்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் அவரை மறக்கணும்னுதான் நீ பச்சை அடிச்சன்னு நெனச்சேனே! கட்டிக்கிட்டவன்கிட்ட பழையவர் வண்ணத்தைப் போடுன்னு எப்படிக் கேப்பேன்?"

"உனக்கு அதைப் பாத்தா அழுகை வரும்னுதான்..." என்றான் வெண்டெல்.

ரோண்டா எப்போது எழுந்தாள், எப்படி நடுவிலிருந்த நாற்காலிகளைத் தாண்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. வெண்டெலின் முன்னால் போய் நின்றாள். கண்ணீர் மூக்கு நுனிவரைக்கும் வந்திருந்தது. "கதவைத் தட்டியிருக்கணும் நான்," என்றாள். "மதினி, நீயாவது என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" அதிகாரி உட்காரச் சொல்லி மேஜையைத் தட்டினார், பிறகு தட்டுவதை விட்டுவிட்டார்.

அடுத்தவர் கயிற்றைத் தொட்டது குற்றம்தான், அதில் மாற்றமில்லை, ஆனால் கெடுக்கும் நோக்கம் கிடையாது, ஒப்புக்கொண்டிருக்கிறார், புகார் கொடுத்தவரும் இப்போது தண்டனை கேட்கவில்லை, அதனால் எச்சரிக்கையோடு விடுகிறேன், லைசென்ஸ் அவரிடமே இருக்கும் என்று அதிகாரி படித்து முடிப்பதற்குள் பின்வரிசை கூரை அதிரக் கத்தியது. எமரி முதுகுவலியை மறந்து நாற்காலிமேல் ஏறிவிட்டான். வக்கீல் ஷெல்பியின் அருகே வந்து, "பதில் தெரியாத கேள்வியை விசாரணையில கேக்கக்கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லித்தர ரொம்ப நாள் ஆச்சு," என்றார். "நீ எங்க கத்துக்கிட்ட?"

"வெண்டெல் சமையலறையில," என்றாள் ஷெல்பி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெண்டெலின் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. வாசலுக்கு மேல் ஆன்சலின் மிதவை கறுப்பும் மஞ்சளுமாகத் தொங்கியது. உள்ளே வந்த ஒவ்வொருவரும் கையைத் தூக்கி அதைத் தொட்டுவிட்டு வந்தார்கள். யாரும் சொல்லவில்லை, அதுவாகவே நடந்தது. இரண்டு துறை வழக்கத்துக்கும் நடுவில் ஒரு வழி பிறந்திருந்தது. வெண்டெலின் பச்சை வெள்ளை அப்படியே இருக்கும், அதன் கழுத்தில் ஆன்சலின் மஞ்சள் பட்டை ஒன்று ஏறும். மார்லீன் புளூபெரிக் கேக்கை அறுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ரோண்டாவும் ஷெல்பியும் தரையில் உட்கார்ந்து பட்டை அடித்தார்கள்.

"நேரா அடிடி. கோணலாப் போட்டா உங்க மாமா எழுந்து வந்து திட்டுவார்."

"நீ அடிச்சதைப் பாரு முதல்ல. அலை மாதிரி இருக்கு."

ஷெல்பியின் மேல்சட்டைப் பையில் போன் அடித்தது. அவளுடைய இரண்டு கையும் முழங்கை வரைக்கும் மஞ்சள். ரோண்டா தன் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனை உருவினாள்.

"ஷெல்பி பிங்கமா?" என்றது பாஸ்டன் அம்மாளின் குரல். "போன தடவை கேட்ட கேள்வியை இன்னொரு தடவை கேக்கலாம்னு..."

"அவ கையில பெயிண்டு. நான் அவ அம்மா பேசுறேன்," என்றாள் ரோண்டா. ஷெல்பி வேண்டாம் வேண்டாம் என்று மஞ்சள் கையை ஆட்டினாள். ரோண்டா எழுந்து இரண்டு எட்டுத் தள்ளிப் போய்விட்டாள். "அந்தக் கேள்வி எனக்கும் தெரியும். சமூகவியல் படிச்சு என்ன கிழிச்சான்னுதானே? நானும் நாலு வருஷமா அதைத்தான் கேட்டுட்டிருந்தேன். இப்ப சொல்றேன், எழுதிக்கோங்க. ஊரே பேசிட்டிருந்தப்ப இவ ஒருத்திதான் போய்க் கேட்டா. கேட்டதைப் பெத்தவகிட்டகூடச் சொல்லல. சொல்ல வேண்டியவனையே நிக்க வச்சுச் சொல்ல வச்சா. நான் பொய் சொல்லித் தப்பிக்கப் பாத்தேன், அதுக்கும் வழி விடல. இவளுக்கு சட்டம் மட்டும்தாங்க தெரியாது. அதை நீங்க சொல்லிக்கொடுத்துக்கோங்க. மத்தது எல்லாம் படிச்சுட்டுத்தான் வர்றா."

கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மறுமுனையில் ஒரு சிரிப்பு, பிறகு ஏதோ பேச்சு. ரோண்டா சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டாள். போனை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்துப் பழைய இடத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பட்டையை அடிக்கத் தொடங்கினாள்.

"அம்மா! என்ன சொன்னாங்க?"

"அதைச் சொல்ல முடியாது," என்றாள் ரோண்டா. "அவங்க மேஜையில சொன்னது."

ஷெல்பி பாய்ந்து மஞ்சள் கையால் அம்மாவின் முகத்தைப் பிடித்தாள். அந்த இரண்டு கைக்கும் நடுவிலிருந்து ரோண்டா கொட்டகையே கேட்கிற மாதிரி கத்தினாள்:

"செப்டம்பர்ல வரச் சொன்னாங்கடி, என் வக்கீலு!"